பழைய இராணுவ லொறியும் திருகோணமலை உப்புக்காற்றும்: வாங்க நினைப்பவர்களுக்கு

பழைய இராணுவ லொறி வாங்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறதா, புகை தள்ளுகிறதா, எண்ணெய் குடிக்கிறதா? இவையெல்லாம் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. லொறி பார்க்கப் போகும்போது ஒரு பாயும் சிறிய சுத்தியலும் கொண்டுபோங்கள். அடியில் பாயை விரித்துப் படுத்து, அடிச்சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உக்கிய இரும்பு ‘தொப்’ என்று அமுங்கும். எஞ்சின் போனால், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கலாம். தேய்ந்த பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் சரிசெய்யலாம். அடிச்சட்டம் உக்கிப்போனால் அந்த லொறியை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

திருகோணமலை உப்புவெளியில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை அன்றாடம் கையில் பிடித்துப் பார்க்கிறவன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது பெட்ஃபோர்ட் ஆர்.எல். என்ற, மூன்று தொன் சரக்கு ஏற்றும் லொறி. பிரித்தானிய இராணுவத்துக்காக 1953 முதல் செய்யப்பட்டது. 4.9 லீற்றர், ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. எஞ்சினுக்கு மேலேயே சாரதி அமரும் கூண்டு. திருகோணமலைக் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் 1957 இல் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை இந்த வீதிகள் பிரித்தானியப் படை வாகனங்கள் ஓடிய வீதிகள். படைகள் கழித்துவிட்ட இத்தகைய லொறிகள் பிறகு காட்டில் மரம் இழுத்தன, கல் ஏற்றின. நான் வாங்கியதும் ஒரு மரக்காலைக்காரரிடம்தான். நீங்கள் வாங்குவது இந்திய டாட்டாவாகவோ அசோக் லேலண்டாகவோ இருந்தாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

சுத்தியலோடு படுத்தவர் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஸ்பிரிங் தாங்கிகள் அடிச்சட்டத்தில் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும் இடம் முதலாவது. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் வெளியேறாது. துரு உள்ளே வீங்கித் தகடுகளைப் பிரித்துவிடும். அந்த இடுக்கில் ஒரு மெல்லிய இரும்பு அளவுகோல் நுழைகிறதா என்று பாருங்கள். அடுத்தது, சரக்குப் பெட்டிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே கிடக்கும் மரக்கட்டைகள். மழைநீரை அவை மாதக்கணக்கில் உறிஞ்சி வைத்திருக்கும். கட்டைக்கு நேர் கீழே உள்ள இரும்பு எப்போதும் முதலில் போகும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த அடிச்சட்டத்தைக் கண்டால் மகிழ வேண்டாம். அங்கே இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

முன் அச்சின் இரு முனைகளிலும், சக்கரம் திரும்பும் இடத்தில், உருண்டையான கூடு இருக்கும். உள்ளேயிருந்து கறுத்த எண்ணெய் கசிந்தால் பயப்பட வேண்டாம், சீல் மாற்றினால் போதும். எண்ணெய் பால் போட்ட தேநீரின் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அந்த அச்சைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். மின்சாரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை வைத்துப் பற்றரி வாங்கக் கூடாது.

காகித விடயம் சுருக்கமானது, ஆனால் கடுமையானது. பதிவுப் புத்தகம் இல்லாத லொறி உங்கள் வளவில் நிற்கும் பழைய இரும்பு மட்டுமே. முகாம் ஏலத்திலிருந்து நேரடியாக வாங்குகிறீர்களானால், வீதியில் ஓட்டப் பதிவு செய்யக்கூடியதாக விற்கிறார்களா, உடைத்து எடுக்கும் இரும்பாக விற்கிறார்களா என்பதை விலைமனு ஆவணத்தில் வாசித்த பிறகே பணம் கட்டுங்கள். விற்பனைக் கடிதம், பற்றுச்சீட்டு, விடுவிப்புக் கடிதம் மூன்றையும் வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டிய லொறிகள் நிறைய உண்டு. அது தவறில்லை, ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுவதற்குக் கார் அனுமதிப்பத்திரம் போதாது. இந்த எடைக்குச் சி1 வகுப்பு வேண்டும். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் மற்ற லொறிகளுக்கு உள்ளவைதான்.

சக்கரத்துக்கு வருவோம். இங்கேதான் ஆட்கள் சாகிறார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்துப் பிரித்தானிய லொறிகள் பலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். அச்சில் சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகள் ஒரு வட்டம். இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் இன்னொரு வட்டம். இரண்டாவது வட்டத்துக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது சிவப்பு நட்டைக் கழற்றினால் ரிம்மின் பாதி பீரங்கிக் குண்டாகப் பறக்கும். பல கைகள் மாறி, பல முறை பெயின்ட் அடிபட்ட லொறியில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும். அதனால் லொறி வீட்டுக்கு வந்ததும் நான் செய்யச் சொல்லும் முதல் வேலை, ஒரு சிறிய தூரிகையும் சிவப்புப் பெயின்டும் எடுத்து அந்த நட்டுகளை மீண்டும் அடையாளப்படுத்துவது. பிற்காலத்து லொறிகளில் பக்கவளையம் வைத்துப் பூட்டும் ரிம் இருக்கும். அதுவும் இதே அளவு ஆபத்தானது. வால்வின் ஊசியையே கழற்றி, காற்று முழுவதும் போன பிறகுதான் வளையத்தில் கை வைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். எனக்கு டயர் மாற்றித் தரும் கிண்ணியா நானா, அவருடைய பையன்களில் யாராவது ரிம்முக்கு நேரே நின்றால் வேலையை நிறுத்திவிடுவார். “தம்பி, பக்கத்தில் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள்” என்பதை எனக்கும் ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடம் மட்டும் போங்கள்.

ஓட்டும்போது பலர் புரிந்துகொள்ளாத விடயம் முன்சக்கர இழுவை. பெட்ஃபோர்டில் பின்சக்கரங்கள் எப்போதும் இழுக்கும். முன்சக்கரங்களை ஒரு நெம்புகோலால் சேர்க்கலாம். லொறி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் பொறி எதுவும் இல்லை. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துவிடும். தார் வீதியில் வழுக்க இடமில்லை. முறுக்கம் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். நெம்புகோல் கல்லாக இறுகும். ஸ்டியரிங் கனக்கும். அப்படி இறுகினால் நெம்புகோலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். நேராகச் சில மீற்றர் பின்னால் ஓட்டுங்கள். முறுக்கம் அவிழ்ந்து நெம்புகோல் தானாக இளகும். தாரில் முன்சக்கர இழுவை போடவே கூடாது, மழையில்கூட.

கியர் மாற்றும்போது கிளச்சை இரண்டு முறை மிதிக்கப் பழகுங்கள்: ஒருமுறை மிதித்து நடுவுக்கு எடுத்து, விட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியருக்குப் போட வேண்டும். கியரை இறக்கும்போது நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். வேகத்தை மணிக்கு 50 கிலோமீற்றருக்குள் வைத்திருங்கள். இவ்வளவு எடைக்குப் பழைய ட்ரம் பிரேக் போதும், அவசரத்துக்குப் போதாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊர் ஈரத்தில் அதை ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சக்கர சிலிண்டர்கள் உள்ளேயிருந்து துருப்பிடித்து இறுகும். ஹபரணைப் பக்கம் போவதானால் பகலிலேயே போய் வாருங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலையானதும் யானைகள் வீதிக்கு வரும். பழைய லொறியின் விளக்கு வெளிச்சத்தில் யானையைக் காணும் தூரமும் பிரேக் பிடிக்கும் தூரமும் ஒத்துவராது.

இனி உப்பு. இந்த ஊரில் லொறி வைத்திருப்பதென்றால் உப்போடு வாழ்வதுதான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். வடகீழ்ப் பருவத்தில் காற்று கடலிலிருந்து நேராக நம் பக்கம் வீசுகிறது. மாரிக்காலத்துக் காலையில் கண்ணாடியில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தால் கரிக்கும். அந்தப் படிவுதான் அடிச்சட்டத்தின் உட்புறத்திலும் படிகிறது. அங்கே மழை கழுவாது, வெயில் உலர்த்தாது. ஆகவே கழுவ வேண்டியது கூண்டை விட அடிப்புறத்தை. அடிச்சட்டத்தின் பக்கவாட்டுக் குழிக்குள் குழாயை நுழைத்து, வெளியே வரும் நீர் தெளிவாகும்வரை விடுங்கள். கடற்கரை ஓரத்துக் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்த நீரால் கழுவுவது உப்பை மேலும் ஒரு பூச்சுப் பூசுவதற்குச் சமம். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீரையே பயன்படுத்துங்கள். நீர்க் கட்டணம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு அடிச்சட்டத்துக்கு எண்ணெயும் கிறீஸும் கலந்து பூசுவது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் பிரேக் குழாயின் இறப்பரிலும் மற்ற இறப்பர் பாகங்களிலும் அது பட விடாதீர்கள். கனிய எண்ணெய் பட்ட இறப்பர் ஊறி வீங்கும். துரு தெரியும் இடங்களை இரும்புத் தூரிகையால் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பூச்சு அடித்து, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். இந்த வேலைக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் ஏற்றவை. காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். உப்பு குறைவு, ஈரம் குறைவு. விடிந்ததும் தொடங்கி, காற்று எழுந்து புழுதி கிளப்புவதற்குள் பூசி முடித்துவிட வேண்டும். மதியத்தில் பூசிய பெயின்ட் மணல்தாள் மாதிரி இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் நிலாவெளிக் கடற்கரையில் ஓட்டும் ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன். படம் எடுக்க அழகாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஈர மணல் பிரேக் ட்ரம்முக்குள் புகுந்தால் எவ்வளவு கழுவினாலும் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். அதைவிட முக்கியமானது, அந்தக் கரை கரைவலை இழுப்பவர்களின் வேலைத்தளம். கயிறும் வலையும் மணலில் கிடக்கும். மணலில் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் உள்நாட்டுப் பக்கம் தெரிந்தவரின் காணியில், அனுமதி கேட்டு, டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்கி, மெதுவாக ஓட்டுங்கள். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

நிறுத்தி வைத்த லொறி ஓடுகிற லொறியைவிட வேகமாகக் கெடும். வாரம் ஒருமுறை முற்றத்தில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடத்தில் அணைப்பவர்கள் நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். எஞ்சின் எண்ணெயில் சேரும் நீர் ஆவியாகும் அளவுக்குச் சூடு வருமுன் அணைத்தால், வாரந்தோறும் நீர் சேர்த்ததுதான் மிச்சம். வீதியில் இறக்கி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். நான் அனுராதபுர வீதியில் கன்னியாப் பக்கம் போய் வருவேன்; கடலை விட்டு விலகிப் போகும் வீதி என்பதால். லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது என்று கணக்கு வையுங்கள். ஒக்டேன் 92 பெற்றோல் தாராளமாகப் போதும். கூண்டுக்குள்ளேயே எஞ்சின் இருப்பதால் மதிய வெயிலில் பெற்றோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, லொறி இருமி நிற்கும். மூடியைத் திறந்து பெற்றோல் பம்பின்மேல் ஈரத்துணி போட்டு, குளிர்ந்த பின் ஓட்டுங்கள்.

2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் பொழுதுபோக்குக்கு லொறி ஓட்டுவது முறையல்ல என்று நிறுத்திவிட்டேன். நீண்ட காலம் நிறுத்துவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. தாங்கியிலிருந்தும் காபரேட்டரிலிருந்தும் பெற்றோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். நின்ற பெற்றோல் பிசினாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றும் கைப்பிடி போட்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்காக அந்தக் கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் பெருவிரல் மணிக்கட்டோடு முறியும். பற்றரியை வீட்டுக்குள் எடுத்து வைத்து, அச்சுகளைக் கட்டைகளில் ஏற்றி, டயர்களைத் தரையிலிருந்து விடுவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பிரேக்கையும் கிளச்சையும் பலமுறை மிதித்துவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அசல் இராணுவப் பச்சையைத் தேடிப் பிடித்து அடிக்கிறார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். சோதனையில் நிறுத்தினால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. லொறியைக் கொண்டுவருமுன் எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். அடுத்த வளவு மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கொண்டுவா தம்பி, உன் ஆசை. ஆனால் அந்தப் பச்சையில் வேண்டாம். அந்த லொறிச் சத்தம் கேட்டால் இப்போதும் விளக்கை அணைக்கத்தான் எனக்குக் கை போகிறது” என்றார். போரில் படைகள் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்த எந்த வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். என் லொறி மரக்காலையிலேயே செங்கல் சிவப்பாக மாறி, முகப்பில் வெள்ளைப் பட்டையோடுதான் உப்புவெளிக்கு வந்தது. நிற மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்திலும் எழுத வேண்டும். சைலன்சரையும் புதிதாகப் போட்டேன். இருட்டிய பிறகு ஒழுங்கைக்குள் ஸ்டார்ட் செய்வதில்லை. இந்த லொறியை நேசிக்கிறவருக்கு முதலில் அயலவரை நேசிக்கத் தெரிய வேண்டும்.

பச்சையை மாற்றினாலும் சில அடையாளங்களைக் காப்பாற்றுங்கள். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையான கூட்டுக்கு வெள்ளை அடித்திருக்கும். அதை நோக்கி அடியில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அணிவகுத்துப் போகும்போது, பின்னால் வரும் சாரதி அந்த வெள்ளை வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தொடர்வார். மேலே பறக்கும் விமானத்துக்கு அது தெரியாது. அந்த வெள்ளையை நான் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறேன். கூண்டின் கூரையில் உதவியாளர் பக்கத்தில் ஒரு வட்டத் துவாரம் உண்டு, எழுந்து நின்று வானத்தைப் பார்ப்பதற்கு. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மாரியில் ஒழுகுவதும் அதுதான். மூடியின் இறப்பர் வளையத்தை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, அதைக் கொண்டு என்ன செய்வது? சும்மா நிற்க விடாதீர்கள். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களுக்கு நீர்த் தாங்கி ஏற்றிக் கொடுங்கள். வெள்ளம் வந்தால் கார் போகாத வீதியில் அரிசி மூட்டை கொண்டுபோகலாம், ஆனால் நீரின் ஆழத்தைக் கம்பால் அளந்து பார்க்காமல் இறங்காதீர்கள். ஃபான் பட்டியைக் கழற்றிவிட்டு இறங்கினால் ஃபான் நீரை வாரி, பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ரிபியூட்டர்மேல் இறைக்காது. ஏறியதும் பட்டியை மறக்காமல் பூட்டுங்கள். ஏறிய உடனே பிரேக்கை மெதுவாக மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஓட்டி ட்ரம்மை உலர்த்த வேண்டும். சின்னப் பாலங்களில் எழுதியிருக்கும் எடையைப் படியுங்கள். உங்கள் லொறி வெறுமையாகவே நான்கு தொன்னுக்கு மேல் இருக்கும். ஒழுங்கைகளில் தொங்கும் மின்கம்பிகளுக்குக் கீழே போகும்போது படங்கு விரிக்கும் வளைகளைக் கழற்றி வையுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் பின்பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். சரக்கு லொறியின் காப்புறுதி அவர்களுக்குப் பொறுப்பேற்காது; பிடித்துக்கொள்ளச் சரியான கம்பியும் அங்கே இல்லை. பிள்ளைகள் கேட்டால் ஒருவர் ஒருவராகக் கூண்டுக்குள் ஏற்றி, வட்டத் துவாரத்தை மூடிவைத்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள்.